துப்பாக்கி வைத்திருப்பவர் ரிச்மண்டில் யாரிடம், எப்போது, என்ன கேட்பது?

பின்னால் வாசிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் இருக்கிறார். கிரீன் கார்டுக்காரர். சட்டப்படி வாங்கிய ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு ரைஃபிளும் வீட்டில் உண்டு; வாரக் கடைசியில் சுடுதளத்துக்குப் போகிறவர். ஒவ்வொரு ஜனவரியிலும் துப்பாக்கிச் சங்கம் அனுப்பும் இணைப்பை அழுத்தி, அவர்களே எழுதி வைத்திருக்கும் கடிதத்தைத் தன் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புகிறார். தானியங்கிப் பதில் ஒன்று வருகிறது, அத்தோடு சரி. பேரணிக்குப் போவதா, பணம் கொடுப்பதா, நேரில் போய்ப் பார்ப்பதா, எதற்காவது பலன் உண்டா என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் உள்ளே இருக்கிறது: ஓட்டே இல்லாத ஒருவன் சொல்வதை அங்கே யாராவது காதில் போட்டுக்கொள்வார்களா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சில ஆண்டுகள் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் ஒரு டெலிகேட்டிடம் (மாநிலக் கீழவை உறுப்பினர்) உதவியாளராக இருந்தேன். அதற்குப் பிறகு சிறு மருத்துவமனைகள் சார்பாக அதே சட்டமன்றத்தில் பேசும் வேலை. என்னிடம் துப்பாக்கி கிடையாது. விற்பனைக்கு முன் பின்னணிச் சோதனை வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மசோதா எந்த அறையில் பிழைக்கிறது, எந்த அறையில் சாகிறது என்பது கட்சி பார்த்து மாறுவதில்லை. எனக்குத் தெரிந்தது வர்ஜீனியா மட்டும்தான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் குழுக்களின் பெயரையும் காலக்கெடுவையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வழக்கறிஞரும் இல்லை.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் மறக்க வேண்டியது கொறடாவை. தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.விடம் போய் "இந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. கட்சி உத்தரவை மீறினால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி அவர் பதவியே போகலாம். அதனால்தான் நாம் மேலே, தலைவரைப் பிடிக்கப் பார்க்கிறோம், அல்லது தெருவில் கூட்டம் சேர்க்கிறோம். அமெரிக்க மாநிலச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் தன் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டால் கட்சிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நல்ல குழுவிலிருந்து தூக்குவார்கள், அடுத்த தேர்தலில் போட்டிக்கு ஆள் நிறுத்துவார்கள். ஆனால் மறுநாள் காலையில் அவர் உறுப்பினர்தான். தனி ஆள் ஒருவரிடம் போய்ப் பேசுவதற்கு இங்கே அர்த்தம் இருப்பது இதனால்தான்.

இதற்கு 2020-ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போதைய ஆளுநர் ரால்ஃப் நார்தம் ஜூலையில் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை ஒன்றரை மணி நேரத்தில் அதை ஒத்திவைத்துவிட்டுப் போனது. நவம்பர் தேர்தலில் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் வந்தன. உடனே கிராமப்புறக் கவுண்டிகள் ஒவ்வொன்றாகத் தங்களைத் துப்பாக்கி உரிமைப் 'புகலிடம்' என்று அறிவித்துத் தீர்மானம் போட்டன. மாநிலத்தின் 95 கவுண்டிகளில் 90-க்கும் மேல் அந்தப் பட்டியலில் வந்தன. 2020 ஜனவரி 20, மார்ட்டின் லூதர் கிங் தினத்தில், வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக் என்ற துப்பாக்கி உரிமை அமைப்பு, உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு கேட்பதற்காக வருடா வருடம் நடத்தும் லாபி நாளுக்கு சுமார் 22,000 பேர் திரண்டார்கள். ஆளுநர் அவசரநிலை அறிவித்து கேபிட்டல் (சட்டமன்ற) வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று சொல்லியிருந்ததால் உள்ளே ஏறத்தாழ 6,000 பேர். மற்றவர்கள் தோளில் ரைஃபிளோடு வேலிக்கு வெளியே தெருவில். பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. கூட்டம் அமைதியாகக் கலைந்தது.

அந்தக் கூட்டத்தொடரிலேயே எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, மாதம் ஒரு கைத்துப்பாக்கி என்ற வரம்பு, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் சட்டம், உள்ளாட்சிகள் பொது இடங்களில் துப்பாக்கியைத் தடுக்கும் அதிகாரம் எல்லாம் நிறைவேறின. 22,000 பேர் வந்தும் இவை நிற்கவில்லை. நின்றது ஒன்றுதான்: 'அசால்ட்' எனப்படும் ராணுவப் பாணித் துப்பாக்கிகளின் விற்பனையையும் 12 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் (குண்டு அடைக்கும் கூடு) தடை செய்யும் எச்.பி. 961 (எச்.பி. என்றால் கீழவை மசோதா). கீழவையில் 51-48 என்று மயிரிழையில் தப்பி வந்த மசோதா அது. பிப்ரவரி 17 அன்று செனட் நீதித்துறைக் குழு 10-5 என்ற கணக்கில் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி, ஆய்வுக்கு அனுப்பிவிட்டது. குடியரசுக் கட்சிக்காரர்களோடு சேர்ந்து ஓட்டளித்த ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் நான்கு பேர்: கிரெய் டீட்ஸ், ஜான் எட்வர்ட்ஸ், சாப் பீட்டர்சன், ஸ்காட் சுரோவெல். தங்கள் ஆளுநரே முன்வைத்த மசோதாவை நான்கு பேர் ஓர் அறையில் வைத்து முடித்தார்கள்.

பேரணிதான் அந்த நான்கு பேரை அசைத்ததா? துப்பாக்கித் தரப்பு ஆமாம் என்கிறது. எதிர்த் தரப்பு அதை ஒப்புவதில்லை. என் கணிப்பு நடுவில் இருக்கிறது. அன்று குழுவில் ஓடிய பேச்சு பெரும்பாலும் வரையறையைப் பற்றியது: எது அசால்ட் துப்பாக்கி, எது சாதாரண வேட்டைத் துப்பாக்கி, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மேகசினை என்ன செய்வது. இந்தக் கேள்விகளைச் செனட்டர்கள் சும்மா உட்கார்ந்து யோசித்து எடுத்திருக்க மாட்டார்கள். தொகுதியிலிருந்து யாரோ, பல வாரங்களாக, பொறுமையாக அவர்கள் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் பயத்தை உண்டாக்கியிருக்கலாம். தள்ளி வைக்கக் காரணம் தந்தது வரையறைதான். ஒரு அரசியல்வாதிக்கு இரண்டும் வேண்டும், அதிலும் வெளியில் சொல்லக்கூடிய காரணம் கட்டாயம் வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் வேலை, உங்களுக்குக் கவலை தரும் மசோதா எந்தக் குழுவுக்கு, எந்தத் துணைக்குழுவுக்குப் போகிறது என்று பார்ப்பது. மாநிலத்தின் சட்டத் தகவல் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் எல்லாம் வரும்: யார் கொண்டுவந்தது, எந்தக் குழு, யார் எப்படி ஓட்டளித்தார்கள். கீழவையில் பொதுப் பாதுகாப்புக் குழுவின் கீழ் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு துணைக்குழு உண்டு. அங்கே ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரு மசோதாவின் கதை முடிந்துவிடும். 100 பேர் உள்ள அவைக்கு அது வரவே வராது. அந்தப் பட்டியலில் நிச்சயம் ஆதரவு, நிச்சயம் எதிர்ப்பு என்று இருப்பவர்களைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒருவர், இருவர். உங்கள் உறுப்பினர் அந்த இருவரில் ஒருவராக இருந்தால் உங்கள் குரலுக்கு எடை மிக அதிகம். அவர் வேறு குழுவில் இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எடை நிறையக் குறையும். அப்போது செய்யக்கூடியது இரண்டு. உங்கள் உறுப்பினரிடம் "அந்தக் குழுவில் இருக்கும் உங்கள் சகாவிடம் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுப் பார்க்க முடியுமா" என்று கேட்கலாம். அல்லது அந்தத் தொகுதியில் இருக்கும் சுடுதள நண்பரைப் பேச வைக்கலாம். அடுத்த தொகுதி உறுப்பினருக்கு நீங்களே நீளமாக எழுதுவது வீண். அவர் உதவியாளர் முதலில் பார்ப்பது முகவரியைத்தான்.

அந்த உதவியாளர் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நீங்கள் உண்மையில் பேசப்போவது அவரிடம்தான். வர்ஜீனியா உறுப்பினர்கள் பகுதிநேரக்காரர்கள். வக்கீல், ஆசிரியர், வியாபாரி என்று சொந்த வேலை உள்ளவர்கள். ஒரு டெலிகேட்டுக்குச் சுமார் 86,000 பேர், ஒரு செனட்டருக்குச் சுமார் 2,15,000 பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து டெலிகேட் அலுவலகத்தில் முழுநேர ஆள் பெரும்பாலும் ஒருவர், கூட்டத்தொடரின்போது ஒரு பயிற்சி மாணவர். கூட்டத்தொடர் இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டில் அதையும் விடக் குறைவு. பாதியில் ஒரு கெடு. அதற்குள் ஒரு மசோதா தான் பிறந்த அவையைத் தாண்டிவிட வேண்டும். அந்த வாரங்களில் காலை ஏழு மணிக்கே குழுக்கூட்டம் தொடங்கும், பிற்பகலில் அவை, மாலையில் மறுபடி துணைக்குழு. மின்னஞ்சல் பெட்டியில் ஒரே கடிதம் நானூறு முறை வந்து கிடக்கும். நான் என்ன செய்வேன்? தலைப்பை வைத்து மொத்தமாகத் தேர்வு செய்வேன், முகவரி பார்த்துத் தொகுதிக்காரர்களைப் பிரிப்பேன், எக்செல் தாளில் "எச்.பி. இத்தனை: எதிர்ப்பு 31, ஆதரவு 12" என்று எழுதுவேன். நீங்கள் அனுப்பிய தயார்க் கடிதம் அந்த 31-இல் ஒன்று. அது பூஜ்யமல்ல, உறுப்பினர் அந்தத் தாளைப் பார்ப்பார். ஆனால் அந்த 31 பேரில் யார் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.

இதில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேனியல் பெர்கன் இதை நேரடிச் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார். நியூ ஹாம்ப்ஷயரில் புகைபிடித்தல் தடை மசோதாவுக்கு மின்னஞ்சல், மிச்சிகனில் பள்ளிகளில் சீண்டலைத் தடுக்கும் மசோதாவுக்குத் தொலைபேசி. சில உறுப்பினர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அவர்களுக்கு மட்டும் தொகுதிக்காரர்களின் தொடர்பு போகும்படி செய்தார்கள். தொடர்பு கிடைத்தவர்கள் மசோதாவை ஆதரிக்கும் வாய்ப்பு மிச்சிகனில் சுமார் 12 சதவீதப் புள்ளி கூடியது. இது சின்ன எண் இல்லை. ஆனால் அதை அப்படியே துப்பாக்கிக்குப் பொருத்தத் தயங்குகிறேன். பள்ளிச் சீண்டல் பற்றி உறுப்பினருக்கு முன்கூட்டியே உறுதியான கருத்து இருக்காது. துப்பாக்கி பற்றித் தேர்தலிலேயே வாக்குறுதி கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஊசலாடும் அந்த ஒன்றிரண்டு பேரிடம்தான் இந்த விளைவை எதிர்பார்க்கலாம் என்பது என் எண்ணம். நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை.

இன்னொரு ஆய்வு துப்பாக்கியையே தொடுகிறது. டேவிட் புரூக்மன், கிறிஸ்டோபர் ஸ்கோவ்ரன் இருவரும் 2012, 2014 தேர்தல்களில் மாநில அளவிலான அரசியல்வாதிகளைக் கேட்டு, அவர்கள் தொகுதி மக்களின் கருத்தைப் பற்றி நினைப்பதையும் மக்கள் உண்மையில் நினைப்பதையும் ஒப்பிட்டார்கள். இரு கட்சிக்காரர்களும் தங்கள் மக்களை உள்ளதை விடப் பழமைவாதிகளாக எடைபோட்டிருந்தார்கள். பின்னணிச் சோதனைக் கேள்வியில் அந்தப் பிசகு மிகப் பெரிது. அலுவலகத்தோடு அதிகம் தொடர்பு கொள்பவர்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்பதே காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள். அதாவது உங்கள் தரப்பு பல காலமாக இந்த வேலையை நன்றாகவே செய்து வந்திருக்கிறது. ஆனால் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டுச் சிவப்புச் சட்டை போட்ட 'மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன்' பெண்கள் ஒவ்வொரு துணைக்குழுவிலும் முன்வரிசையில் வந்து உட்காரத் தொடங்கியபின் அந்தச் சாதகம் கரைந்துகொண்டு வருகிறது. 2019 தேர்தலில் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் எவ்ரிடவுன் அமைப்பு வர்ஜீனியாவில் சுமார் 25 லட்சம் டாலர் இறக்கியது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸில் தலைமையகம் வைத்திருக்கும் தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ. சொந்த மண்ணில் அதற்குக் கிட்டே கூட வரவில்லை.

சரி, எழுதுவதாக இருந்தால் எப்படி எழுதுவது? முதல் வரியில் தெரு, ஊர், நீங்கள் அவர் தொகுதி என்பது. இரண்டாவது வரியில் மசோதா எண், என்ன கேட்கிறீர்கள் என்பது. அப்புறம் அந்த மசோதாவின் எந்தப் பிரிவு உங்களை எப்படித் தொடுகிறது என்பது. "இரண்டாவது சட்டத்திருத்தம் எனக்கு அளித்த உரிமையில் கைவைக்காதீர்கள்" என்று எழுதினால் தாளில் 32-வது எதிர்ப்பு. அதற்குப் பதில் இப்படி: "நான் ஆஷ்பர்னில் குடியிருக்கிறேன். மசோதாவின்படி 12 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசின் இருந்தாலே குற்றம். 2017-இல் கடையில் சட்டப்படி வாங்கிய என் கைத்துப்பாக்கியோடு பெட்டியிலேயே வந்தது 15 குண்டு மேகசின். ஜூலை 1 அன்று இதை நான் யாரிடம் ஒப்படைக்க வேண்டும், மாற்று மேகசின் யார் செலவு? ஏற்கெனவே உள்ளவற்றுக்கு விலக்கு அளிக்கும் திருத்தத்தை ஆதரிப்பீர்களா?" இப்படி ஒரு கடிதம் வந்தால் அதை நான் அச்செடுத்து உறுப்பினர் மேசையில் வைப்பேன். குழுவில் அவர் மசோதாக்காரரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. பதில் இல்லாமல் மசோதாக்காரர் தடுமாறினால், அதைத் தள்ளிவைக்க ஒரு காரணமும் கிடைத்தது. எட்டு வரிக்கு மேல் வேண்டாம். அனுப்பிய மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, கடிதம் கிடைத்ததா, உறுப்பினர் நிலைப்பாடு எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். "இன்னும் இல்லை" என்ற பதில் வந்தால் அதுதான் உங்களுக்கு நல்ல செய்தி.

திருத்தம் என்ற சொல்லை உங்கள் தரப்பில் பலர் துரோகம் மாதிரி பார்க்கிறார்கள். அது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. 2020-இல் என்ன நடந்தது பாருங்கள். பின்னணிச் சோதனை மசோதா முதலில் எல்லாக் கைமாற்றங்களையும் குறிவைத்தது. இறுதியில் விற்பனைக்கு மட்டும் என்று சுருங்கியது. சுடுதளத்தில் நண்பரிடம் துப்பாக்கியை இரவல் கொடுப்பதும், தம்பிக்குப் பரிசாகக் கொடுப்பதும் அதற்குள் வரவில்லை. தொலைந்த துப்பாக்கியை 24 மணி நேரத்தில் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆளுநர் கேட்டது 48 மணி நேரமானது. மாதம் ஒரு கைத்துப்பாக்கி வரம்பிலிருந்து மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி உள்ளவர்களுக்கு விலக்கு கிடைத்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு துப்பாக்கி உரிமையாளரின் அன்றாடத்தைத் தொடும் விஷயம். கொலராடோவிலும் 2025-இல் அதே கதைதான்: கழற்றி மாட்டும் மேகசின் கொண்ட பல வகைத் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுக்க வந்த மசோதா, பயிற்சி முடித்து ஷெரிஃப் சரிபார்த்தால் வாங்கலாம் என்ற அளவுக்கு மாறிய பிறகே சட்டமானது. தோற்கப்போகும் மசோதாவை முழுசாக எதிர்ப்பது கௌரவம். ஜெயிக்கப்போகும் மசோதாவில் ஒரு வரியை மாற்றுவது உங்கள் வீட்டுக்குள் வித்தியாசம் செய்யும். எது எது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதற்குத்தான் குழுப் பட்டியல்.

நேரில் பார்ப்பது இவை எல்லாவற்றையும் விட நல்லது, ஆனால் ஜனவரியில் ரிச்மண்டில் அல்ல. லாபி நாளில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் சிவப்புச் சட்டைக்காரர்களும் செவிலியர் சங்கமும் கல்லூரி மாணவர்களும் ஒரே தாழ்வாரத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம், அதுவும் பெரும்பாலும் உதவியாளரோடு. செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் தொகுதியிலேயே சந்திப்பு கேளுங்கள். ஒரு காபிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். டிசம்பரிலேயே மசோதா வரைவுகள் தயாராகத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் வந்தவர் சொன்னது வரைவுக்குள் போக வாய்ப்பு உண்டு; பிப்ரவரியில் வந்தவர் சொல்வது எண்ணிக்கைக்குள் போகும். இரண்டு மூன்று பேராகப் போங்கள், பத்துப் பேராக வேண்டாம். பயிற்சியாளர் ஒருவர், வேட்டைக்காரர் ஒருவர், அல்லது துப்பாக்கி வாங்கிய தனியாக வாழும் பெண் ஒருவர் கூட இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். துப்பாக்கி பிடித்தே பார்க்காத உறுப்பினர்கள் நிறையப் பேர் உண்டு. சுடுதளத்துக்கு வந்து பாருங்கள் என்று அழையுங்கள். வருகிறவர் மனம் மாறுவார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மசோதாவில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். லாபி உலகத்தில் அதை விடப் பெரிய சொத்து இல்லை. அதனால்தான் தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது. ஒரு தவறான எண்ணைக் கொடுத்து, உறுப்பினர் அதைக் குழுவில் சொல்லி மூக்குடைபட்டால், அந்தக் கதவு உங்களுக்கு மூடியதுதான்.

குழுவில் சாட்சியம் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. தலைவர் நேரம் போதாது என்று நினைத்தால் "எதிர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லி, தலைகளைப் பார்த்துவிட்டு ஓட்டுக்குப் போய்விடுவார். பெரும்பாலும் ஓட்டு அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். இணையம் வழியாகவும் பேசலாம், எழுத்துக் கருத்தும் பதியலாம். போவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 2021 சட்டப்படி கேபிட்டல் வளாகத்திலும் மாநில அரசுக் கட்டடங்களிலும் துப்பாக்கி கூடாது. அனுமதி அட்டை இருக்கிறதே என்று இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

தேர்தல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தரப்பு அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். 2013-இல் கொலராடோவில் துப்பாக்கிச் சட்டங்களுக்காக ஜான் மோர்ஸ், ஏஞ்சலா ஹீரோன் என்ற இரண்டு செனட்டர்களைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் வீழ்த்தினார்கள். நாடே பேசியது. அடுத்த ஆண்டே இரண்டு இடங்களும் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பின. 15 குண்டு மேகசின் வரம்பு இன்றும் சட்டம். தண்டித்தார்கள், சட்டத்தை மாற்ற முடியவில்லை. அதைவிட முக்கியமானது வர்ஜீனியாவில் சாப் பீட்டர்சனுக்கு நடந்தது. 2020-இல் அந்த மசோதாவை நிறுத்திய நான்கு பேரில் ஒருவர் அவர். 2023 ஜூனில் தன் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) சதாம் சலீம் என்ற புதுமுகத்திடம் தோற்றார். அந்த ஓட்டும் அவருக்கு எதிரான பிரசாரத்தில் பேசப்பட்டது. வர்ஜீனியாவில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை. ஒரே நாளில் இரு கட்சிக்கும் முதல்நிலைத் தேர்தல் நடந்தால் ஏதாவது ஒன்றில் யாரும் ஓட்டளிக்கலாம். அவர் போட்டியிட்ட ஃபேர்ஃபாக்ஸில் இருக்கும் துப்பாக்கி உரிமையாளர்கள் அன்று ஜனநாயகக் கட்சிச் சீட்டை வாங்கியிருந்தால் தங்களுக்கு உதவிய ஒருவரைக் காப்பாற்ற முயன்றிருக்கலாம். முதல்நிலைத் தேர்தலில் வந்து ஓட்டளிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், சில ஆயிரம் ஓட்டுக்கு அங்கே பெரிய மதிப்பு. எத்தனை பேர் போனார்கள் என்று எண்ண வழியில்லை. நான் பழகிய வட்டத்தில் அப்படி யோசித்தவரே குறைவு.

மற்ற மூவரில் டீட்ஸ், 2024-இல் தானே அசால்ட் துப்பாக்கி விற்பனைத் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். 2020-இல் அவருக்கு இருந்த தயக்கம் அந்த வரைவின் மீதுதான், கருத்தின் மீதல்ல என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆளுநர் கிளென் யங்கின் அதை வீட்டோ செய்தார், 2025-இலும் செய்தார். நம் ஊர் ஆளுநரைப் போல் நியமிக்கப்பட்டவர் அல்ல இவர், தேர்தலில் வந்தவர். அவர் வீட்டோவைத் தாண்ட இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆனால் வர்ஜீனியாவில் ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு முறை இருக்க முடியாது. 2026 ஜனவரியில் அபிகெயில் ஸ்பான்பர்கர் பதவிக்கு வந்துவிட்டார். ஆகவே வீட்டோ காப்பாற்றும் என்று குழு வேலையைச் சோம்பலாக விட்ட நான்கு வருடம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு கேள்விக்கு வருவோம். ஓட்டு இல்லை, ஆனால் மற்ற எல்லாம் உண்டு. உறுப்பினரைச் சந்திக்கலாம், எழுதலாம், சாட்சியம் சொல்லலாம். சம்பளம் வாங்காமல் தனக்காகப் பேசுபவர் லாபியிஸ்டாகப் பதிவு செய்யத் தேவையில்லை. என்னிடம் தொலைபேசியில் பேசியவர்களின் குடியுரிமையை நான் ஒருநாளும் கேட்டதில்லை, முகவரியைத்தான் கேட்டேன். பணமும் கொடுக்கலாம்: வெளிநாட்டவர் எந்த மட்டத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது என்ற மத்தியச் சட்டத்திலிருந்து நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு விலக்கு உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஒரு டாலர் கூடக் கொடுக்காதீர்கள், நிதி திரட்டும் விருந்துக்கு நண்பர் கூப்பிட்டாலும் சரி. (எச்-1பி-யில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, மத்தியச் சட்டப்படி குற்றம். அது தெரியாமல் சுடுதளத்துக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞரைக் கேளுங்கள்.) மாநிலத் தேர்தலுக்கு வர்ஜீனியாவில் நன்கொடை உச்சவரம்பே கிடையாது, பெரிய முதலைகள் லட்சக்கணக்கில் கொட்டுவார்கள். அந்தக் கணக்கில் உங்கள் 50 டாலர் ஓட்டை வாங்காது. ஒரு சின்ன நிகழ்ச்சிக்குப் போய்க் கைகுலுக்கினால் முகம் நினைவில் நிற்கும், அவ்வளவே. அதே மாலை நேரத்தை அவருக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவதில் செலவிட்டால் உதவியாளருக்கு உங்கள் பெயரே தெரிந்துவிடும். இதை கிரீன் கார்டுக்காரரும் தாராளமாகச் செய்யலாம்.

லவுடனில் இப்போது கண்ணன் ஸ்ரீனிவாசன் என்று ஒரு செனட்டர் இருக்கிறார். பெயரைப் பார்த்து நம்மவர் வழியாகத் தனிக் கதவு திறக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு கதவு இல்லை. தொகுதி முகவரிதான் நுழைவுச் சீட்டு. அதேபோல் தமிழ்ச் சங்க மின்னஞ்சல் பட்டியலை எடுத்து "இவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலான சங்கங்கள் வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகள். வேட்பாளரை ஆதரித்தால் அந்த விலக்குக்கே ஆபத்து. மசோதா பற்றிப் பேச ஓரளவு இடம் உண்டு, ஆனால் சங்கத்துக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்து சண்டை மூட்டுவானேன்?

கடைசியாக, மிரட்டல். "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன்" என்பது கூட வேண்டாம், அது அவருக்கே தெரியும். துப்பாக்கி பற்றிய கடிதத்தில் கோபமான வரி ஒன்று இருந்தால், மற்ற எந்த விஷயத்திலும் கோபமாக மட்டும் தெரிவது, இங்கே வேறு மாதிரி வாசிக்கப்படும். அப்படிப்பட்ட கடிதங்களை நாங்கள் உறுப்பினரிடம் காட்டியதில்லை, கேபிட்டல் போலீஸுக்கு அனுப்பினோம். ஓட்டு உங்களுக்கு எதிராகப் போனாலும், நேரம் கொடுத்ததற்கு நன்றி என்று இரண்டு வரி எழுதி, ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதில் என்ன சிக்கல் வருகிறது என்று குறித்து வையுங்கள். அக்டோபரில் அதே உறுப்பினரைக் காபிக்குக் கூப்பிடும்போது பேச அந்தக் குறிப்பு வேண்டும்.